ஈ மொய்க்காத ஈரம்

யூலிற்றாவின் கார் நின்ற இடத்தில் ஈரம் இருப்பது புதினமில்லை. காலையில் அவள் காரை எடுத்துக்கொண்டு போனதும் தகரக் கொட்டிலின் மணலில் ஒரு சட்டியளவு ஈரம் தெரியும். அதில் ஈ மொய்க்கும். பக்கத்து வீட்டுப் பூனை வந்து மணலை நக்கிவிட்டு, காரின் சொந்தக்காரி எப்போது திரும்புவாள் என்பதுபோல ஒழுங்கை வழியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீர் அது. முல்லைத்தீவுக் கரையில் மீன் வாங்கி மல்லாவியிலும் துணுக்காயிலும் கொண்டுபோய் விற்கிற ஒருத்தியின் கார் ஒழுகாமல் இருந்தால்தான் அதிசயம்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காரை மகன் யதுசன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். மருமகள் அனோஜாவுக்கு ஏழு மாதம். துணுக்காயில் இருக்கும் தாயைப் பார்த்துவிட்டு, இரவு உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு முன் திரும்புவதாகச் சொல்லி இருவரும் வெளிக்கிட்டிருந்தார்கள். விளக்குமாறு ஈரத்தில் பட்டது. வழமைபோல நல்ல மணலை மேலே தள்ளிவிட்டு யூலிற்றா அடுத்த பக்கம் போனாள். போனவள் நின்றாள். ஈயைக் காணவில்லை.

பூனை வந்தது. முகர்ந்தது. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டு போனது.

பெரிய வியாழனிலிருந்து கரையில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. அந்த நாட்களில் வலையைத் தொடுவதில்லை என்பது அங்கே வழக்கம். புதன்கிழமை பின்னேரமே அவள் டிக்கியைச் சவர்க்காரத் தூளும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட்டிருந்தாள். அதன் பிறகு அந்தக் காரில் ஒரு சூடைமீன்கூட ஏறவில்லை. அப்படியென்றால் இது எந்தத் தண்ணீர்?

குந்தியிருந்து, மேலே தள்ளிய மணலை ஒதுக்கி, விரலால் தொட்டாள். இரண்டு விரல்களையும் உரசிப் பார்த்தாள். வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். மீன் வாசம் இல்லை. ஏதோ கசந்த எண்ணெய் வாசம். ஒட்டுசுட்டானில் சரீப் நானாவின் கராஜில் இந்த வாசத்தை அவள் ஒருமுறை மோந்திருக்கிறாள். பிரேக் ஒயில்.

யூலிற்றா போனை எடுத்து மகனுக்கு அடித்தாள்.

போன கிழமை மல்லாவிச் சந்தியில் பெடல் கொஞ்சம் கீழே போனதுபோல இருந்தது. செருப்பு வழுக்குகிறது என்று நினைத்தாள். அடுத்த நாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். அன்றும் கீழே போனது. அன்று களைப்பு என்று நினைத்தாள். ஒரு பொருள் தன்னிடம் வாய்விட்டுச் சொல்லும்போதெல்லாம் தான் ஏன் வேறு காரணம் தேடினேன் என்று இப்போது யோசித்தாள். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதை நினைக்கத்தான் விருப்பமில்லை. கார் பழுதானால் ஓட்டம் நிற்கும். ஓட்டம் நின்றால், அவள் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து காத்திருக்கிற வாய்கள் எல்லாம் திறக்கும்.

யூலிற்றாவுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. கார் பழகியபோது நாற்பத்திரண்டு. அதற்கு முன் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றவள். நாற்றம் என்று சொல்லிக் கொண்டக்டர்மார் கூடையை ஏற்ற மறுப்பார்கள். சிலர் கூடையை ஏற்றிக்கொண்டு அவளை ஏற்ற மறந்ததும் உண்டு. கணவன் சூசைப்பிள்ளையின் தோள் வள்ளத்து என்ஜின் இழுத்து இழுத்தே விட்டுப்போனது. கரைவலையில் நின்று கயிறு பிடிப்பதோடு அவர் கடல் முடிந்தது. கனடாவுக்குப் போன ஓர் ஆசிரியை விட்டுச்சென்ற சின்னக் கார் விலைக்கு வந்தபோது, அதை வாங்குவோம் என்றவள் அவள்தான். ஓட்டுநர் பரீட்சைக்குப் போன இடத்தில், யாரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று பரிசோதகர் கேட்டார். என்னைத்தான் என்றாள். அவர் சிரித்தார், ஆனால் சித்தியடைய விட்டார். கரையில் வேறுவிதமாகச் சிரித்தார்கள். திருக்கை மீனுக்குக் கார்ச் சவாரி கிடைக்குது, எங்களுக்கு இல்லை என்றார்கள்.

கிழமை நாளில் மீன், ஞாயிற்றுக்கிழமை கோயில். அதுதான் அந்தக் காரின் சீவியம். துணுக்காயில் ஒரு படலையடியில் அவள் மீன் நிறுத்துக்கொண்டிருந்தபோது, உதவிக்கு வந்திருந்த யதுசன் தராசைப் பார்க்காமல் படலைக்குள் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படித்தான் அனோஜா இந்த வீட்டுக்கு வந்தாள். அதே காரில்தான் வந்தாள். பிள்ளை பெறப் போவதும் அதே காரில்தான் என்று எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள்.

யதுசனின் போன் கிடைக்கவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் காடு வந்தால் அப்படித்தான். அனோஜாவின் போனும் இல்லை. மறுபடியும் மகனின் போன். அங்கே ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. யூலிற்றா கொட்டிலுக்கும் படலைக்கும் நடந்தாள். காட்டு றோட்டில் மாடு குறுக்கே வரும். லொறிகள் முந்தும். நெல் காயப்போட்டிருப்பார்கள். மகன் கொஞ்சம் வேகமாக ஓட்டுவான். பக்கத்தில் அனோஜா, வயிற்றுக்கு மேலே சீற் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பாள்.

கடைசியில் அனோஜாவின் போன் அடித்தது.

"சொல்லுங்கோ மாமி." பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

யூலிற்றா குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். ஒட்டுசுட்டான் தாண்டிவிட்டது என்றாள் மருமகள். பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று அவனிடம் கேட்கச் சொன்னாள். அங்கே ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"கொஞ்சம் கீழ போகுதாம் மாமி. பழைய கார்தானே எண்டு சொல்லுறார்."

"கொட்டிலுக்க ஒயில் சிந்திக் கிடக்குது பிள்ளை. மெல்ல ஓரமா நிப்பாட்டச் சொல்லு."

யதுசனின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "அது ஐஸ் தண்ணி அம்மா. சும்மா யோசிக்காதேங்கோ."

"வியாழக்கிழமையில இருந்து ஆரடா மீன் ஏத்தினது?"

பாட்டு நின்றது. அவன் பாட்டை நிறுத்தினான் என்றால் விளங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு பேச்சு எதுவும் இல்லை. அனோஜா போனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். பெடலை அவன் அடித்து அடித்து மிதிக்கும் சத்தம் கேட்டது. கியர் இறங்கியபோது என்ஜின் முக்கியது. இன்னொரு கியர். "கைபிரேக், கைபிரேக்" என்று யூலிற்றா போனுக்குள் சொன்னாள், யாருக்கும் கேட்டிருக்காது. ஒரு லொறியின் ஹோர்ன் நீளமாக வந்து நீளமாகப் போனது. சரளைக் கல் அரைபட்டது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் யூலிற்றா மணலில் இருந்துவிட்டாள். தான் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"நிண்டிட்டுது மாமி," என்றது அனோஜாவின் குரல், சின்னப் பிள்ளையின் குரல்போல.

சூசைப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில் அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது கார் றோட்டோரப் புல்லில் ஒரு பக்கம் சரிந்து நின்றது. வழியிலேயே யூலிற்றா சரீப் நானாவுக்குப் போன் பண்ணியிருந்ததால் அவரும் வந்து முன் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒயில் நிற்கிற சின்னப் போத்தலில் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. முன் சில்லு இரண்டிலும் பிரேக் பிடித்தபடியால் தப்பினீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் அதுவும் இல்லை என்றார். சொல்லிவிட்டு, மரநிழலில் இருந்த அனோஜாவைப் பார்த்ததும் பேச்சை மாற்றி, ஒன்றும் பெரிசாக இல்லை தங்கச்சி என்றார்.

அனோஜா அழவில்லை. கோபிக்கவும் இல்லை. மாமியார் பக்கத்தில் வந்து இருந்ததும் ஒன்றுதான் சொன்னாள்.

"நான் இனி இந்தக் காரில ஏற மாட்டன் மாமி."

ஓம் என்றாள் யூலிற்றா. பிழை காரிலா, தன்னிலா என்று மருமகள் பிரித்துப் பார்க்கிறாளா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. தனக்கே அது பிரிபடவில்லை.

சரீப் நானா காரை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோனார். சூசைப்பிள்ளை மோட்டார் சைக்கிளிலும் மற்றவர்கள் ஓட்டோவிலும் போனார்கள். அவருடைய கராஜ் நாலு தூணும் தகரமும்தான். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்து தொடங்கியது. கரையிலிருந்து உள்ளே போகிற மீன் வாகனங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். அது நோன்பு மாதம். அனோஜாவுக்கு யதுசன் வாங்கி வந்த தேத்தண்ணியை அவள் கையில் வைத்துக்கொண்டு கூச்சப்பட்டாள்.

"குடியுங்கோ பிள்ளை. நேற்று நீங்கள் பெரிய வெள்ளிக்குப் பசி கிடந்தனீங்கள். இண்டைக்கு என்ர முறை," என்றார் அவர், காரைத் தூக்க ஜக்கை மிதித்துக்கொண்டே.

பின் இடப்பக்கச் சில்லின் உட்புறம் நனைந்திருந்தது. அதைக் கண்டதும் சரீப் நானா நிம்மதியானார். சில்லைக் கழற்றினார். பிரேக் ட்ரம்மைத் தட்டிக் கழற்றினார். வீல் சிலிண்டரின் றப்பர் பழசாகி வெடித்திருந்தது. இதுதான் ஆள் என்று அதைத் தூக்கிக் காட்டினார். புது றப்பர் போட்டார். பிறகு புது ஒயில் விட்டு, குழாய்க்குள் நின்ற காற்றை எடுக்க வேண்டியிருந்தது. யூலிற்றா சீற்றில் இருந்து பெடலை மிதிக்க, அவர் சில்லடியில் குந்தியிருந்து சின்ன நட்டைத் திறந்து மூடினார். மிதி என்பார், பிடி என்பார், விடு என்பார். ஒவ்வொரு முறையும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நின்றது. கடைசியில் கல்லுப்போல நின்றபோது யூலிற்றாவின் கண் நனைந்தது. யாரும் பார்க்கவில்லை.

முடிந்தது, கொண்டு போங்கோ என்றார் சரீப் நானா. கையைத் துடைத்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்றார். யதுசன் சாவியை எடுத்தான்.

யூலிற்றா இறங்கவும் இல்லை, காரை எடுக்கவும் இல்லை. பெடலில் காலை அமர்த்திப் பிடித்தபடி இருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காலில் ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. ஆனால் போன கிழமையும் இந்தக் கால்தான் அவளுக்குச் செருப்பு என்றும் களைப்பு என்றும் சொன்னது.

"நானா, கொஞ்ச நேரம் இப்பிடியே நிக்கட்டும். கீழ ஒரு மட்டையைப் போட்டுப் பாப்பம்."

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

"உங்களில இருக்கு. எனக்கு என்னிலதான் இல்லை."

அவர் கொஞ்சம் முகம் சுண்டினார். ஆனாலும் ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்துக் காரின் கீழே தள்ளிவிட்டுத் தொழப் போனார். சூசைப்பிள்ளை மனைவியிடம், மனிசனின் நோன்பு நேரத்தில் ஏன் இப்படிக் கரைச்சல் கொடுக்கிறீர் என்று முணுமுணுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. விட்டு விட்டுப் பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். வாங்குப் பலகையில் இருந்த அனோஜா மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரீப் நானா திரும்பி வந்தபோது மட்டையில் ஒரு துளி இருந்தது. சில்லுக்குக் கீழே இல்லை. சில்லிலிருந்து உள்ளே ஒரு முழம் தள்ளி.

அவர் மல்லாந்து படுத்துக் காரின் அடியில் புகுந்தார். போன் வெளிச்சத்தை அடித்து, இறுக்கி மிதி தங்கச்சி என்று யூலிற்றாவிடம் சொன்னார். மிதித்தாள். இன்னும் என்றார். கீழே இருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

அவர் யதுசனையும் படுக்கவைத்துக் காட்டினார். பிறகு யதுசன் பெடலை மிதிக்க, யூலிற்றாவும் படுத்துப் பார்த்தாள். டிக்கியின் அடியால் போகிற மெல்லிய பிரேக் குழாய், ஓர் இடத்தில் மட்டும் புழு அரித்த கொப்புப்போலத் துரு ஏறிக் கிடந்தது. அங்கிருந்து ஊசிமுனை நூலாக ஒயில் பீறியது. பீறிய ஒயில் குழாயைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போய்ச் சில்லின் முதுகில் இறங்கியிருக்கிறது. அதனால்தான் சில்லு நனைந்திருந்தது. துரு ஏறிய இடத்துக்கு நேர் மேலே, டிக்கியின் தகரத்தில் ஒரு பெருவிரல் போகிற ஓட்டை. அதன் ஓரமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது.

"இந்த ஓட்டை ஆர் போட்டது?" என்றார் சரீப் நானா வெளியே வந்து.

"நான்தான்," என்றார் சூசைப்பிள்ளை. முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். "ஐஸ் தண்ணி டிக்கிக்க நிண்டு மணத்தது. வள்ளத்தில தண்ணி போக ஓட்டை விடுறதுதானே. அதுபோல ஒண்டு விட்டனான்."

"அண்ணை, வள்ளத்துக்குப் பிரேக் இல்லை."

யதுசன் சிரித்துவிட்டான். சூசைப்பிள்ளையும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கடலில் இருந்தவர். தண்ணீர் உள்ளே நின்றால் ஆபத்து, வெளியே போனால் நல்லது என்றுதான் அவருக்குத் தெரியும். வெளியே போன தண்ணீர் எங்கே விழுகிறது என்று கடலில் யாரும் பார்ப்பதில்லை. ஓட்டை போடச் சொல்லி அவரை அரித்தவள் யூலிற்றாதான். அவர் அதைச் சொல்லவில்லை. அவளே சொன்னாள். அனோஜாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

சரீப் நானா தன்னிலும் பிழை இருக்கிறது என்றார். ட்ரம் கழற்றியபோது உள்ளே தூசி காய்ந்து கிடந்தது. றப்பரால் ஒழுகியிருந்தால் அது சேறாக இருந்திருக்கும். நனைந்த சில்லைக் கண்டதும் மற்றதைப் பார்க்க மனம் வரவில்லை, வயிறு காய்ந்த நேரம் என்றார்.

பழைய குழாயைத் துரு ஏறிய அளவுக்கு வெட்டி எடுத்தார். சுருளாக வைத்திருந்த செப்புக் குழாயில் அளந்து ஒரு துண்டு வெட்டி, இரு முனையிலும் வாயை விரித்து, நட்டுப் போட்டு இறுக்கினார். வளைவை வளைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் ஒயில், மறுபடியும் மிதி, பிடி, விடு. ஓட்டைக்கு ஒரு றப்பர் மூடி அடித்து மேலே பசை பூசினார். இனிப் பெட்டிக்குக் கீழே ஒரு பெரிய தட்டு வையுங்கோ, தண்ணீரைக் கையால் ஊற்றுங்கோ என்றார். புது மட்டை போட்டார்கள். இந்த முறை யாரும் அவசரப்படுத்தவில்லை. எல்லோரும் கீழே குனிந்து குனிந்து பார்த்தார்கள். மட்டை காய்ந்தே கிடந்தது. சரீப் நானா காரை றோட்டில் ஓட்டிப் போய்த் திரும்பி வரும்போது கராஜ் வாசலில் சடாரென்று நிறுத்திக் காட்டினார். பின் சில்லு இரண்டும் றோட்டில் கோடு கீறின.

துணுக்காய்க்குப் போக இனி நேரமில்லை. அனோஜா தாயிடம் போனில் பேசிவிட்டு வந்தாள்.

"மாமி, நாங்கள் பஸ்ஸில வாறம். குறை நினையாதேங்கோ."

குறை நினைக்கவில்லை என்றாள் யூலிற்றா. யதுசனை அவளோடு போகச் சொன்னாள். காரைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னாள். பழுது பார்த்த காரை இன்றைக்கு ஓட்டாமல் விட்டுவிட்டுப் போனால், திங்கட்கிழமை தன் கால் இதில் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

முல்லைத்தீவு பஸ் வந்தது. பெருநாள் சனங்கள் வாசல்வரை நின்றார்கள். அனோஜாவுக்கு யாரோ எழும்பி இடம் கொடுத்ததைக் கண்ணாடிக்கூடாகக் கண்டபிறகுதான் யூலிற்றா காரை எடுத்தாள். முன்னால் பஸ், நடுவில் கார், பின்னால் சூசைப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஊர்வலம்போல இருந்திருக்கும். பஸ் தரிப்பில் நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள். தூரத்திலேயே மிதித்தாள், விட்டாள், மறுபடி மிதித்தாள். பெடல் நின்ற இடத்தில் நின்றது. ஒருமுறை பஸ் எதிர்பாராமல் நிற்க, அவளும் அழுத்தி மிதிக்க, கார் பஸ்ஸின் முதுகுக்கு நல்ல இடைவெளி விட்டு அப்படியே அமர்ந்தது. அப்படியும் அவளுடைய கை ஸ்டியரிங்கில் வியர்த்து வழுக்கியது. காரைப் பார்த்தாயிற்று. இனித் தன்னை யார் கழற்றிப் பார்ப்பது என்று யோசித்தாள்.

ஊர் வருவதற்கு முன்னம், முள்ளியவளையில் பஸ் நின்றது. சனம் இறங்கியது. பஸ் வெளிக்கிட்டுப் போனபோது றோட்டோரத்தில் அனோஜா நின்றாள். யதுசன் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு, எனக்கும் ஒன்றும் தெரியாது என்ற முகத்தோடு பக்கத்தில் நின்றான்.

யூலிற்றா கண்ணாடியை இறக்கினாள்.

"பஸ் சரியாக் குலுக்குது மாமி," என்றாள் அனோஜா.

அது உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் பஸ்கள் குலுக்கும்தான். யூலிற்றா எட்டி முன் கதவைத் திறந்துவிட்டாள். அனோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினாள். யதுசன் பின்னால் ஏறினான். அனோஜா பட்டியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கதவுக்கு மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. யூலிற்றா அதைக் கண்டும் காணாதவளாக ஓட்டினாள். சைக்கிள்கூட அவர்களை முந்திக்கொண்டு போனது.

கடற்கரைப் பக்கம் திரும்புகிற வளைவுக்கு அப்பால், அவர்களுடைய ஒழுங்கை வாசலில் ஒரு நாய் நடு றோட்டில் படுத்திருந்தது. யூலிற்றா மிதித்தாள். கார் நின்றது. நாய் தலையைத் தூக்கிக் காரைப் பார்த்துவிட்டு மறுபடி தலையை மண்ணில் வைத்தது. பின்னால் இருந்த யதுசன், ஹோர்ன் அடியுங்கோ அம்மா என்றான். அவளுடைய கை ஹோர்னுக்குப் போனது.

"விடுங்கோ மாமி, அது எழும்பிப் போகட்டும். எங்களுக்கு என்ன அவசரம்," என்றாள் அனோஜா. கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

யூலிற்றா பெடலில் காலை வைத்தபடி, நாய் எழும்பும்வரை காத்திருந்தாள்.